பழைய படகு மோட்டாரும் கால் அங்குல நெருப்பும்

படகின் பின்பக்கம் மாட்டும் 'அவுட்போர்டு' மோட்டாரை 1909-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் விற்க ஆரம்பித்தவர் ஓலே எவின்ருட், நார்வேயிலிருந்து குடியேறியவர். துடுப்புப் போட்டு ஏரியைக் கடப்பதற்குள் காதலிக்கு வாங்கிய ஐஸ்கிரீம் உருகிவிட்டதாம், அதில் பிறந்த யோசனையாம். நிஜமோ இல்லையோ, நல்ல கதை :-)

எவின்ருட், ஜான்சன் என்ற இரண்டு பெயர்களும் 1936 முதல் ஒரே கம்பெனியின் கீழ் இருந்தன. அந்தக் கம்பெனி 2000 டிசம்பரில் திவால். பெயர் கைமாறி, 2020-ல் எவின்ருட் தயாரிப்பும் நின்றுபோனது. ஆனால் 1950களில் வந்த மோட்டார்கள் சில அங்கே ஏரிகளில் இன்னும் ஓடுகின்றன. தேய்மானக் கணக்கில் மதிப்பு எப்போதோ பூஜ்யமான சரக்கு!

பல வருடம் கொட்டகையில் கிடந்த அப்படி ஒரு மோட்டார் ஓடவில்லை என்றால் எல்லோரும் முதலில் கழற்றுவது கார்புரேட்டரை. ஆனால் பல நேரம் திருடன் ஒளிந்திருப்பது ஃப்ளைவீலுக்கு அடியில்.

இதில் பேட்டரி கிடையாது. ஃப்ளைவீலில் பதித்த காந்தம் காயிலைக் கடக்கும்போது அதில் மின்சாரம் பிறக்கும். சரியான நொடியில் 'பாயின்ட்' திறக்க, மின்சாரம் அறுந்து, காயிலின் இரண்டாவது சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எகிறி பிளக்கில் பொறியாகும். பாயின்டிலேயே பொறி பறந்து வீணாகாமல் பார்த்துக்கொள்வது கண்டென்சர். பழைய லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த சமாச்சாரம்தான். நிமிடத்துக்கு 4000 சுற்று என்றால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நொடிக்கு 66 முறைக்கு மேல் இது நடக்க வேண்டும்.

அந்தக் கால காயில்களின் பலவீனம் மேலுறை. வருடங்கள் போகப் போக அது வெடித்து, ஈரம் புகுந்து, மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் குறுக்கு வழியில் ஓடிவிடும். இதில் மோசமான ரகம் ஒன்று உண்டு. கரையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும், ஏரி நடுவில் சூடானதும் நின்றுவிடும், ஆறினால் மறுபடி ஓடும். துடுப்பு எடுத்துப் போகாதவர் பாடு திண்டாட்டம்.

சரி செய்ய ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டும். சுத்தியலால் தட்டவோ, விளிம்பைப் பிடித்து இழுக்கவோ கூடாது. நடுவில் உள்ள மூன்று மரை ஓட்டைகளில் புல்லரை மாட்டித்தான் எடுக்க வேண்டும். விரிசல் விட்ட காயிலுக்கு வைத்தியம் இல்லை, புதுசுதான். நல்ல வேளையாக வேறு கம்பெனிகள் இன்னும் செய்கின்றன. பாயின்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் மட்டும் போதாது. தேய்த்த தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் மின்சாரத்தைத் தடுக்கும், ஸ்பிரிட்டால் துடைத்தே ஆகவேண்டும். பாயின்ட் முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். இடைவெளி கூடினால் பொறி முன்னாடியே வரும், குறைந்தால் தாமதிக்கும். கண்ணால் குத்துமதிப்பாக வைக்கிற வேலை இல்லை, ஃபீலர் கேஜ் வேண்டும்.

அடுத்து பலர் ஏமாறும் இடம். பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்துக் கயிற்றை இழுத்தால் பொறி தெரியும், உடனே குஷி. ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையில் பொறி தாண்டுவது வெளிக்காற்றில் தாண்டுவதைவிட ரொம்பக் கடினம். அதனால்தான் கால் அங்குல இடைவெளி வைத்துச் சோதிக்கிறார்கள். அதை நீலமாக, 'டிக்' என்று தாண்டினால்தான் நம்பலாம். வெளிறிய மஞ்சள் என்றால் மறுபடி கண்டென்சர், வயர் என்று தேடல்.

பின்னாளில் வந்த எலக்ட்ரானிக் இக்னிஷனில் பாயின்ட் தேயும் தொல்லையே இல்லை, அது நிச்சயம் முன்னேற்றம். ஆனால் கெட்டால் மூடிய டப்பாவை அப்படியே மாற்ற வேண்டியதுதான். பழையதில் எது கெட்டதோ அதை மட்டும் மாற்றினால் போதும்.

பொறி வந்த சந்தோஷத்தில் மோட்டாரைத் தரையில் வைத்தே ஓட்டிப் பார்க்கிறவர்களும் உண்டு. தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் நாசமாகும், அது அடுத்த செலவு. ஒரு டிரம் நிறையத் தண்ணீர் பிடித்து அதற்குள் இறக்கிவிட்டுக் கயிற்றை இழுக்கவும்.