நம்ம செட் பசங்க

2017 அக்டோபர் 9. நான் கல்லூரியில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. விடுதியில் இருந்தது ஒரே ஒரு டிவி. அதில் எப்போதும் கிரிக்கெட் ஓடும், இல்லாவிட்டால் வடிவேலு. ஆஸ்திரேலியாவுடனான டி20 மறுநாள்தான் குவாஹாட்டியில் நடப்பதாக இருந்தது என் அதிர்ஷ்டம். ரிமோட்டைக் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள்.

டெல்லியில் இந்தியாவும் கொலம்பியாவும் மோதிய ஆட்டம். 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பை. 82-வது நிமிடம். சஞ்சீவ் ஸ்டாலின் கார்னர் அடிக்கிறார் (பெயரைக் கேட்டு நம்ம ஊரோ என்று நினைத்தேன், பெங்களூருப் பையன்). ஜீக்சன் சிங் எல்லார் தலைக்கும் மேலே எழும்பி ஒரு முட்டு முட்டினார். கோல்! எந்த வயதுப் பிரிவானாலும் சரி, ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோல் அதுதான். அறையிலிருந்த ஆறு பேரும் கத்திக் கூரையைப் பிளந்தோம். கத்தி முடித்துத் திரும்பிப் பார்த்தால் ஸ்கோர் 1-2 என்று காட்டுகிறது. 83-வது நிமிடத்தில் கொலம்பியா பதில் கோல் போட்டுவிட்டது. ஒரே ஒரு நிமிடம்தான் சமநிலையில் இருந்தோம். அதிலும் பாதியை நான் பார்க்கவில்லை...

இந்த அணிமேல் எனக்கு ஏன் இத்தனை பாசம் என்று சொல்லிவிடுகிறேன். 2000 ஜனவரி 1-ம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் மட்டுமே அந்தப் போட்டியில் ஆடலாம். நானும் 2000-ல் பிறந்தவன். அதாவது அவர்கள் நம்ம செட்.

இளையோர் அணியின் வரலாற்றை எழுதப் போனால் ஒரு சிக்கல் வரும். கொல்கத்தாவின் மோகன் பகான் என்றால் அது நூறாண்டு தாண்டிய ஒரே கிளப். 17 வயது அணி அப்படியில்லை. சட்டை அதேதான், உள்ளே இருக்கும் பையன்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒரு பையனுக்கு ஒரு வாய்ப்பு. ஆறு மாதம் முந்திப் பிறந்தாலும் அது போச்சு. வயது விஷயத்தில் தில்லுமுல்லு நடப்பதும் இதனால்தான். நான் பள்ளிக்காக ஒரு தேர்வுக்குப் போனபோது எனக்கு அடுத்து நின்ற 'பதினைந்து வயது'ப் பையன் காலையில்தான் ஷேவ் செய்திருந்தான்! நான் தேறவில்லை. (உண்மையைச் சொன்னால், அவன் வராவிட்டாலும் தேறியிருக்க மாட்டேன்.) உலகக் கோப்பையில் இது நடக்காது. 2009 முதல் 17 வயதுப் போட்டிக்கு ஃபிஃபா மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து எலும்பு வளர்ச்சியைப் பார்க்கிறது.

நம் இளையோர் கால்பந்தில் பெருமைப்பட ஒரு கோப்பை உண்டு. 1974-ல் பாங்காக்கில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் ஷபீர் அலி தலைமையில் இறுதிவரை போனோம். ஈரானுடன் 2-2. கோப்பையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதோடு சரி, அந்தக் கோப்பை பிறகு நம் பக்கம் வரவே இல்லை. பங்காளியான ஈரானோ நான்கே ஆண்டுகளில், 1978-ல், பெரியவர்களுக்கான உலகக் கோப்பையில் ஆடியது. அன்று சமமாக நின்ற இரண்டு அணிகள்! பையன்கள் அங்கேயும் இருந்தார்கள், இங்கேயும் இருந்தார்கள். கோப்பை வாங்கிய மறுநாள் அவர்களை என்ன செய்தோம் என்பதில்தான் வித்தியாசம் என்பது என் கட்சி.

2017-க்கு வருவோம். நாம் தகுதிச் சுற்றில் வென்று போகவில்லை. போட்டியை நடத்தும் நாடு என்பதால் கிடைத்த இடம். அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4. மூன்றும் தோல்வி. ஆனால் அமெரிக்காவுடனான ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், 0-2 என்றிருந்தபோது அன்வர் அலி அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அந்த எதிர்த் தாக்குதலிலேயே மூன்றாவது கோலை வாங்கினோம். கோல்கீப்பர் தீரஜ் சிங் மட்டும் இல்லையென்றால் கணக்கு இன்னும் ஏறியிருக்கும். 21 பேரில் எட்டுப் பேர் மணிப்பூர்க்காரர்கள். நம் மாநிலத்தின் பல மாவட்டங்களில் பாதிகூட மக்கள்தொகை இல்லாத ஊரோ என்று நினைத்துத் தேடினேன். அவ்வளவு சின்னதில்லை, முப்பது லட்சம் பேர். இருந்தாலும் கணக்கு அசத்தலானதுதான்!

இந்த முறை பையன்களை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. அவர்களில் பெரும்பாலோரை இந்தியன் ஏரோஸ் என்ற பெயரில் ஐ-லீக்கில் இறக்கினார்கள். 2017 நவம்பரில் முதல் ஆட்டம், எதிரே நம்ம சென்னை சிட்டி. வளர்ந்த ஆட்களை இந்தப் பொடியன்கள் 3-0 என்று சாத்தினார்கள். அனிகேத் ஜாதவ் இரண்டு, போரிஸ் சிங் ஒன்று. யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் நான் விழித்த ஒரே ஆட்டம் அது. இதே சென்னை சிட்டிதான் அடுத்த பருவத்தில் லீக்கையே வென்றது. ஏரோஸை 2022-ல் மூடிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான்.

2018 ஆகஸ்டில் இன்னொரு கூத்து. ஸ்பெயினில் நடந்த கோட்டிஃப் போட்டியில் நம் 20 வயது அணி அர்ஜென்டினாவை 2-1 என்று வென்றது. அதுவும் இரண்டாம் பாதியில் பத்துப் பேரோடு! இரண்டாவது கோல் அன்வர் அலியின் ஃப்ரீகிக். தோற்ற அணியின் பயிற்சியாளர் லியோனல் ஸ்கலோனி. நான்கு வருடம் கழித்து மெஸ்ஸி கையில் உலகக் கோப்பையைக் கொடுத்தாரே, அவரேதான். அதே ஆண்டு நமக்கு அடுத்த செட், 16 வயது அணி, ஆசியக் கோப்பைக் காலிறுதியில் தென் கொரியாவிடம் 0-1 என்று தோற்றது. அதை வென்றிருந்தால் சொந்தக் காலில் உலகக் கோப்பைக்குப் போயிருப்பார்கள். 2025 நவம்பரில் அகமதாபாத்தில் இன்னொரு செட், ஈரானையே 2-1 என்று வென்று 17 வயது ஆசியக் கோப்பைக்கு நுழைந்தது. 1974-ன் பாக்கியில் கொஞ்சம் வசூல் :)

நம்ம செட் என்ன ஆனது? ஜீக்சன், சுரேஷ் சிங், அபுயா மூவரும் 2021 மார்ச்சில் ஓமனுக்கு எதிராகப் பெரியவர்கள் அணியில் முதல்முறை ஆடினார்கள். அதே ஆண்டு சாஃப் இறுதியில் நேபாளத்துக்கு எதிராக சுரேஷ் ஒரு கோல் அடித்தார். எல்லாருக்கும் இப்படி அமையவில்லை. சிலர் பெயரை அதன்பின் நான் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அன்வர் அலி கதைதான் என்னை உலுக்கியது. 2019-ல் அவருக்கு இதயத்தில் கோளாறு இருப்பது தெரிந்தது. மறு வருடம் சம்மேளனம் ஆடக்கூடாது என்றது. வயது இருபது. அந்த வருடம் நான் ஒரு பாடத்தில் அரியர் வைத்துவிட்டு உலகமே முடிந்துவிட்டதாகப் படுத்திருந்தேன். அவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்.

2022 ஜூன் 14. கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று, ஹாங்காங்குக்கு எதிராக. ஆட்டம் தொடங்கி இரண்டாவது நிமிடம். பாக்ஸுக்குள் பந்து அன்வர் காலுக்கு வந்தது, ஒரே உதை, வலையின் மேல்பக்கம். செல்போனில் பார்த்துக்கொண்டிருந்த நான் போட்ட சத்தத்தில், தூங்கிக்கொண்டிருந்த அறைத்தோழன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"யார்றா அது, உனக்குத் தெரிஞ்சவனா?"

"நம்ம செட்டுடா" என்றேன்.