கேட்டு எழுதும் வேலை

நல்ல ரெஸ்யூமுக்கான வேலையில் முக்கால் பங்கு, கீபோர்டில் கை வைப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு பாலிடெக்னிக்குக்குப் பக்கத்தில் டி.டி.பி. கடை நடத்துகிறேன். வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் சீனியர் ஒருவருடைய ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "இதுல பேரையும் மார்க்கையும் மட்டும் மாத்திக் குடுங்கக்கா" என்பார்கள். மாற்றிக் கொடுக்கப் பத்து நிமிடம் ஆகாது. ஆனால் அந்த ஃபைலில் இருப்பது வேறொருவர் படித்த படிப்பு, வேறொருவர் செய்த புராஜெக்ட், அவருக்கும் முன்னால் யாரோ எழுதிவைத்த குறிக்கோள் வாசகம். பெயரை மாற்றுவதால் அது இவருடையதாகிவிடாது. அதனால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு கேட்க ஆரம்பிப்பேன்.

எதைக் கேட்பது என்பதில்தான் இந்தத் தொழிலே இருக்கிறது. "உங்களுக்கு என்னென்ன தெரியும்?" என்று கேட்டால் எவரும் திணறிப்போவார்கள். "பெருசா ஒண்ணும் இல்லீங்க்கா" என்றுதான் பதில் வரும். தான் செய்ததைத் தானே எடுத்துச் சொல்வது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூச்சம். வீட்டில் அப்படித்தான் வளர்த்திருக்கிறோம். "நாங்க செஞ்சோம்" என்பார்களே தவிர, அதில் தன் பங்கு எது என்று பிரித்துச் சொல்ல வராது. ஆகவே தெரிந்ததைக் கேட்காமல், செய்ததைக் கேட்பேன். காலையில் உள்ளே போனதும் முதலில் எதைத் தொடுவீர்கள்? யாரிடமிருந்து உங்கள் கைக்கு வரும்? உங்கள் கையிலிருந்து யாரிடம் போகும்? நீங்கள் லீவு போட்ட அன்றைக்கு அங்கே என்ன நின்றுபோகும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலை வைத்தே பாதி ரெஸ்யூமை எழுதிவிடலாம்.

டிப்ளமா மெக்கானிக்கல் முடித்து, ஒரு பம்ப் கம்பெனியில் அப்ரண்டிஸாக இருந்த தம்பி ஒருவர் வந்தார். கொண்டுவந்த தாளில் அந்த வேலைக்கு ஒரே ஒரு வரி: அசெம்பிளி பிரிவில் வேலை பார்த்தேன்.

"அசெம்பிளில என்னங்க தம்பி பண்ணுனீங்க?"

"சும்மா ஹெல்ப்பருங்க்கா."

"சரி, பம்ப்பு உங்ககிட்ட வர்றப்ப எப்படி வரும்?"

மோட்டார் பக்கம் மாட்டி முடிந்து வருமாம். இவர் மெக்கானிக்கல் சீலை உட்கார வைத்து, இம்பெல்லரைப் பூட்டி, கேசிங்கை மூடி போல்ட் முடுக்குவார். அப்புறம் டெஸ்டிங். தண்ணீர் ஏற்றி அழுத்தம் கொடுத்து, எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கசிந்தால்? "பிரிச்சுப் பாத்து, எதனாலன்னு நோட்டுல எழுதணுங்க்கா." யார் எழுதுவது? "நாந்தானுங்க்கா." இடையில் ஒரு வாரம் ஒரே மாதிரியான கசிவு திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஓ ரிங் உட்காரும் பள்ளத்தில் பிசிறு நிற்பதைக் கண்டு சூப்பர்வைசரிடம் காட்டியவர் இவர். மெஷின் ஷாப்பில் சொல்லி அதைச் சரிசெய்திருக்கிறார்கள். அதைச் சொல்லி முடித்தபோதும், "அது எல்லாரும் பாக்கறதுதானுங்களே" என்றார்.

ஒரு வரி நான்கு வரியானது. மோனோபிளாக் பம்புகளில் சீல், இம்பெல்லர், கேசிங் பூட்டியது. நீர் அழுத்தச் சோதனை செய்தது. ரிஜெக்ட் ஆனவற்றைக் காரணத்தோடு பதிவேட்டில் எழுதியது. ஓ ரிங் பள்ளத்துப் பிசிறால் வந்த கசிவைக் கண்டுபிடித்துச் சொன்னது. பெரிய வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. ஆனால் பம்ப் தெரிந்த மேனேஜர் ஒருவர் அந்த நான்காவது வரிக்கு வந்ததும் அங்கேயே நிற்பார். ஹார்ட் ஒர்க்கிங், குயிக் லர்னர், டீம் பிளேயர் என்று எழுதியிருந்தால் நிற்க மாட்டார். அவை எல்லார் தாளிலும் இருக்கின்றன.

எழுதுவது ஆங்கிலத்தில்தான். ஆனால் கேள்வியும் பதிலும் தமிழில் நடக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரி. அந்தத் தம்பி வேலை பழகியது தமிழில், சூப்பர்வைசரிடம் பிசிறைக் காட்டிப் பேசியதும் தமிழில். ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், அவருடைய ஆங்கிலம் எவ்வளவோ அவ்வளவு வேலைதான் வெளியே வரும். முதலில் முழுசாகச் சொல்லட்டும். பிறகு அதைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக்கி, அவர் வாயாலேயே படித்துக் காட்டச் சொல்வேன். நாக்குப் புரளாத சொல் எதுவும் தாளில் இருக்கக் கூடாது. நாளை இன்டர்வியூவில் அதைச் சொல்லப்போவது அவர்தானே. இப்போது பலர் சாட் ஜிபிடியில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். நான் வேண்டாம் என்பதில்லை. ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, "இதைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசுங்க" என்பேன். பேச முடியாத வரியை எடுத்துவிடுவோம்.

எடுக்க வேண்டியவை இன்னும் நிறைய. தனியார் கம்பெனிக்குப் போகிற ரெஸ்யூமில் அப்பா பெயர், மதம், கல்யாணம் ஆனதா இல்லையா என்பதெல்லாம் எதற்கு? ஆதார் எண்ணையும் வீட்டுக் கதவு எண்ணையும் போடவே கூடாது. அந்த ஃபைல் யார் யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. வேலை வாங்கித் தருகிறோம் என்று ஏமாற்றுகிறவர்கள் இருக்கிற காலம் இது. ஊர்ப் பெயர், போன் நம்பர், சொந்தப் பெயரில் ஒரு மெயில் ஐ.டி. போதும். அடியில் வருகிற உறுதிமொழியும் தேவையில்லை. அரசு வேலைக்கான படிவம் வேறு சங்கதி. அங்கே கேட்டிருப்பதை, கேட்ட வரிசையில், ஒரு கட்டத்தையும் விடாமல் நிரப்ப வேண்டும்.

அழகுக்கும் ஒரு அளவு உண்டு. இரண்டு பத்தியாகப் பிரித்து, ஓரத்தில் கலர் அடித்து, எக்செல் எண்பது சதவீதம் என்று பட்டை போட்ட டெம்ப்ளேட்டுகள் இன்டர்நெட்டில் குவிந்து கிடக்கின்றன. எண்பது சதவீத எக்செல் என்றால் என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. 'விலுக்அப் போட்டு ஸ்டாக்கைச் சரிபார்ப்பேன்' என்றால் எவருக்கும் புரியும். பெரிய கம்பெனிகளிலும் வேலைவாய்ப்புத் தளங்களிலும் மனிதருக்கு முன்னால் சாஃப்ட்வேர்தான் ரெஸ்யூமைப் படிக்கிறது. டேபிளுக்குள்ளும் டெக்ஸ்ட் பாக்ஸுக்குள்ளும் எழுதியதை அது சில நேரம் வரிசை மாற்றிப் படித்துவிடும், சில நேரம் விட்டேவிடும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பி.டி.எஃப்.பைத் திறந்து, முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை குலையாமல் வந்தால் பெரும்பாலும் கவலையில்லை. பிரிண்ட் எடுத்துப் போனில் போட்டோ பிடித்து அனுப்புகிறவர்களின் ஃபைலில் காப்பி செய்ய ஒரு எழுத்துக்கூட இருக்காது. ஃபைலுக்குப் பெயரும் உங்கள் பெயராகவே இருக்கட்டும்.

வேலையை விட்டு இடைவெளி விழுந்தவர்கள் வரும்போது நான் கூடுதல் நேரம் ஒதுக்குவேன். மில் ஒன்றில் அக்கவுன்ட்ஸ் பார்த்துவிட்டு, குழந்தை பிறந்ததும் நின்றுவிட்ட பெண் ஒருவர், பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு வந்தார். அந்த வருடங்களை எப்படி மறைப்பது என்பதுதான் அவர் கேள்வி. மறைக்க அதில் என்ன இருக்கிறது? குழந்தை வளர்ப்புக்காக நின்றிருந்தேன், இப்போது முழு நேரம் வர முடியும் என்று கடிதத்தில் ஒரு வாக்கியம் எழுதினால் தீர்ந்தது. உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அவர் வேலையை விட்டது 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்பு. அவர் பழகிய டேலியில் வாட் இருந்தது. 'டேலி தெரியும்' என்று நான் எப்படி அழகாக எழுதினாலும் முதல் கேள்வியிலேயே அது நிற்காது. "கொஞ்ச நாள் கழிச்சு எழுதிக்கலாங்க" என்று சொல்லி அனுப்பினேன். தெரிந்த ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடப் பழகிக்கொண்டு வந்தார். இப்போது ரெஸ்யூமின் முதல் வரியே அதுதான். எழுத்தால் முடியாத இடத்தில் எழுதாமல் இருப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததே.

கவரிங் லெட்டர் என்றால் இங்கே எவருக்கும் அக்கறை இல்லை. வெறும் மெயிலில் ரெஸ்யூமை இணைத்து அனுப்பிவிடுகிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நான் கணித மேதை ராமானுஜனின் இரண்டு கடிதங்களைப் பற்றிச் சொல்வேன். 1912 பிப்ரவரி 9 அன்று அவர் சென்னைத் துறைமுகக் கழகத்தின் தலைமைக் கணக்கருக்கு ஒரு கிளார்க் வேலை கேட்டு எழுதினார். ஐந்தாறு வாக்கியம்தான். உங்கள் அலுவலகத்தில் வேலை காலியிருப்பது அறிந்து விண்ணப்பிக்கிறேன் என்று தொடங்குகிறார். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்து, சூழ்நிலையால் மேலே தொடர முடியாமல் போனதையும் அடுத்து வைக்கிறார். அதன் பிறகு தன் நேரமெல்லாம் கணிதத்தில் போனதைச் சொல்லி, இந்த வேலையைச் செவ்வனே செய்வேன் என்று முடிக்கிறார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த பரிந்துரையும் கூடப் போனது. மார்ச் 1 அன்று மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தார்.

அடுத்த வருடம், 1913 ஜனவரி 16 அன்று, கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதியதும் அதே மனிதர்தான். துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் கிளார்க் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அதன் பின் பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். துறைமுகத்துக்குப் போன கடிதத்தில் ஒரு சூத்திரம்கூடக் கிடையாது. எதிரே இருப்பவருக்கு எது தேவையோ அதை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார். தன் குறையை இரண்டு இடத்திலும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அழுது நிற்கவில்லை, ஒளிக்கவும் இல்லை. அரியர் இருந்ததே, மார்க் குறைவாயிற்றே என்று தலைகுனிந்து வருகிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் தெளிவதை நான் பார்த்திருக்கிறேன்.

பம்ப் கம்பெனித் தம்பிக்கும் இதையே செய்தோம். குவாலிட்டி பிரிவில் ஆள் கேட்ட கம்பெனிக்கு அனுப்பியபோது கசிவு கண்டுபிடித்த வரி மேலே ஏறியது, மெயிலின் முதல் பத்தியிலும் அதுவே வந்தது. புரொடக்‌ஷன் வேலைக்கு அனுப்பியபோது அசெம்பிளி முன்னால் வந்தது. இரண்டும் உண்மை, வரிசைதான் வேறு. விளம்பரத்தைப் பிரிண்ட் எடுத்து, அவர்கள் கேட்பதை அடிக்கோடிட்டு, அதில் நம்மிடம் இருப்பதை எண்ணிப் பார்க்காமல் ஒரு மெயிலும் அனுப்பக் கூடாது. எந்த வேலைக்கு எழுதுகிறோம், அதற்குப் பொருந்துகிற ஒன்றிரண்டு காரியங்கள் எவை, எப்போது சேர முடியும். கடிதம் இந்த மூன்றைத் தாண்ட வேண்டியதில்லை. போனில் படித்தால் ஒரே திரையில் அடங்க வேண்டும்.

ஒன்றை மட்டும் நான் எவ்வளவு பணம் கொடுத்தாலும் செய்வதில்லை. வேலை பார்க்காத கம்பெனியை அனுபவத்தில் சேர்த்து எழுதச் சொல்லிச் சிலர் வருவார்கள். 2014 முதல் பி.எஃப். கணக்குக்கு யு.ஏ.என். எண் இருக்கிறது. பி.எஃப். பிடிக்கிற எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியில் சேர்ந்தோம், எப்போது விலகினோம் என்பது அதில் வரிசையாகத் தெரியும். சேர்ந்த பிறகு சரிபார்த்து வெளியே அனுப்பப்பட்டால், அந்தப் பிள்ளைக்கு அடுத்த கதவு திறப்பது மிகவும் கடினம். இரண்டு வருட அனுபவம் கேட்கிற இடத்தில் எட்டு மாதம்தான் இருக்கிறதா? எட்டு மாதம் என்றே எழுதி, அந்த எட்டு மாதத்தில் செய்ததை முழுசாக எழுதுவோம். அதைப் பார்த்துக் கூப்பிட்ட கம்பெனிகள் உண்டு.

இப்போது வேலையில் இருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ரெஸ்யூமை வேலை தேடும் மாதத்தில் எழுத உட்காராதீர்கள். அப்போது பாதி மறந்துபோயிருக்கும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, சனிக்கிழமை தோறும் அந்த வாரம் நீங்கள் செய்ததை, தேதி போட்டு, தமிழிலேயே நாலு வரி எழுதி வையுங்கள். எந்த மெஷின், எத்தனை பீஸ், என்ன கோளாறு, யார் சரிசெய்தது என்று எழுதினால் போதும். கம்பெனியின் ரகசியத்தை அதில் எழுத வேண்டாம், உங்கள் கை செய்ததை எழுதுங்கள். என் கடைக்கு வரும்போது சீனியரின் ஃபைலுக்குப் பதில் அந்த நோட்டைக் கொண்டு வாருங்கள்.