ஹூஸ்டன் மடல்: அடுத்த வண்டி எத்தனை மணிக்கு?

டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரம் 1,600 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்து கிடக்கிறது. இங்கே கார் இல்லாதவர் பால் வாங்கி வரக்கூட யோசிக்க வேண்டும். கடைக்கும் சாலைக்கும் நடுவே விரிந்த கார் நிறுத்துமிடம். பல தெருக்களில் நடைபாதையே கிடையாது. பல இடங்களில் பஸ் ஸ்டாப் என்பது புல்தரையில் நட்ட ஒரு கம்பம், நிழல்கூட இருக்காது. மேற்கே போகும் கேட்டி நெடுஞ்சாலையை 2008இல் அகலப்படுத்தி முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்து எண்ணினால், மிக அகலமான இடத்தில் 26 தடங்கள். சில ஆண்டுகளிலேயே நெரிசல் திரும்பிவிட்டது. இப்படிப்பட்ட ஊரிலும் காரில்லாமல் வேலைக்குப் போய்வருவோர் ஏராளம்: மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர், ஓட்டல் சமையல்காரர், மாணவர், கண் மங்கிய முதியவர். அவர்களை மனத்தில் வைத்து இந்த நகரம் 2015இல் செய்த ஒரு காரியத்தை ஆம்பூரும் வேலூரும் கவனிக்க வேண்டும் என்பதே இந்த மடலின் நோக்கம்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை, ஹூஸ்டனின் பேருந்துத் தடங்கள் ஏறக்குறைய மொத்தமாக மாறின. அதுவரை பெரும்பாலான வண்டிகள் நகர மையத்தை நோக்கியே ஓடின. பக்கத்துப் பேட்டைக்குப் போகிறவரும் மையத்துக்குப் போய் வண்டி மாறித் திரும்ப வேண்டியிருந்தது. வாரக் கடைசியில் பல தடங்களில் வண்டியே வராது. புதிய அமைப்பில் தடங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, வெட்டிக்கொள்ளும் இடத்தில் வண்டி மாற வழி செய்தன. வரைபடத்தில் சிவப்பாகத் தீட்டிய தடங்களில் நாளுக்கு 15 மணி நேரம், ஏழு நாளும், 15 நிமிடத்துக்கு ஒரு வண்டியாவது உண்டு என்று வாக்குக் கொடுத்தார்கள். பெரிய செலவேதும் கூட்டாமல், இருந்த வண்டிகளையும் ஓட்டுநர்களையும் வைத்தே இதைச் செய்ததுதான் முக்கியம். சனி, ஞாயிறுகளில் பயணிகள் எண்ணிக்கை தெளிவாக ஏறியது. வீட்டுக்குப் பக்கத்தில் வந்த வண்டி சிலருக்குத் தள்ளிப் போனது. அந்தக் குறை உண்மை. ஆனாலும் பயணி கால அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஸ்டாப்புக்குப் போய் நின்றால் போதும் என்ற நிலை வந்தது. ஏழைக்கு டிக்கெட் விலையைக் காட்டிலும் காத்திருப்புத்தான் அதிகச் செலவு வைக்கிறது. மணிக்கு ஒரு வண்டி என்றால், அதைத் தவறவிட்டவருக்கு ஒரு மணி நேரக் கூலி போயிற்று, வேலையும் போகலாம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் தோல் தொழில் வட்டாரத்தைப் பாருங்கள். வாலாஜா, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று ஊர்கள் ஒரே கயிற்றில் கோத்ததுபோல் பாலாற்றை ஒட்டிய நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கின்றன. பேருந்து ஓட்ட இதைவிட வசதியான அமைப்பு கிடைக்காது. ஹூஸ்டன் ஏங்க வேண்டிய அமைப்பு. ஆனால் இந்தச் சாலை லாரிக்கும் காருக்குமாக நாற்கரமானபோது, தொலைதூர வண்டிகள் பைபாஸில் ஆளை இறக்கிவிட்டு விரைய வழியும் சேர்ந்தே பிறந்தது. ஷூ கம்பெனிகளில் தையல் மெஷினில் உட்காரும் பெண்களில் பலர் இந்த நெடுஞ்சாலையில் குடியிருப்பவர்கள் அல்லர். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் வைத்த பையோடு வருகிறவர்கள். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. தமிழ்நாடு அண்மைக் காலத்தில் செய்த நல்ல காரியங்களில் இதை முதல் வரிசையில் வைப்பேன். ஆனால் அரசு டவுன் பஸ் வரும் ஊருக்குத்தான் அந்தச் சலுகை போய்ச் சேரும். தனியார் பஸ்ஸில் அது செல்லாது. ஒரு நாளைக்குச் சில நடைதான் என்றால், கைக்காசு கொடுத்து ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு போவதைத் தவிர வேறு வழி?

கம்பெனி பஸ்தான் இருக்கிறதே என்பார்கள். அது பெரிய உதவி, மறுக்கவில்லை. இருட்டு நேரத்தில் வாசலருகே இறக்கிவிடும் வண்டியின் அருமை பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். ஆனால் அது கம்பெனியின் வண்டி. வேலையை விட்டால் வண்டியும் போயிற்று. பக்கத்துக் கம்பெனியில் கூலி கூடுதல் என்று தெரிந்தாலும், அந்த வண்டி தன் ஊருக்கு வராது என்றால் போக முடியாது. ஓவர்டைம் முடிந்து வண்டி எப்போது கிளம்பும் என்பதைச் சூப்பர்வைசர் சொல்ல வேண்டும். நடுப்பகலில் காய்ச்சல் வந்தால், பிள்ளையின் பள்ளியிலிருந்து ஆள் வந்தால், அந்த வண்டி நகராது. எவர் தயவும் இல்லாமல் ஏறி இறங்கப் பொதுப் பேருந்து இருந்தால்தான், இந்த வேலை வேண்டாம் என்று சொல்லும் துணிவு ஒரு தொழிலாளிக்கு வரும். டூ வீலர் வந்துவிட்டதே என்ற பதிலும் பலருக்குப் பொருந்தாது. தவணை கட்டி வாங்கிய வண்டி வீட்டுக்கு ஒன்று. பெரும்பாலும் அதை ஆண் எடுத்துக்கொண்டு போகிறார். மிஞ்சினாலும், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அந்த நெடுஞ்சாலையில் இருட்டில் ஓட்டிப் போகச் சொல்வது நியாயமில்லை.

போக்குவரத்துக் கழகம் ஏற்கெனவே நட்டத்தில் ஓடுகிறது, கூடுதல் நடைக்குப் பணம் எங்கே என்பது கனமான கேள்வி. முதலாளித்துவத்தின் கோட்டை என்று பெயரெடுத்த டெக்சாஸின் பதிலைச் சொல்கிறேன். 1978இல் ஹூஸ்டன் வட்டார வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு, போக்குவரத்து அமைப்பு ஒன்றுக்காக விற்பனையில் ஒரு சதவீதத்தை வரியாகக் கட்ட ஒப்புக்கொண்டார்கள். டிக்கெட் காசு செலவில் சிறு பங்கைத்தான் ஈடுகட்டும் என்று தெரிந்தே செய்த ஏற்பாடு அது. சாலை போட்டால் லாபம் எவ்வளவு என்று இங்கேயும் அங்கேயும் எவரும் கேட்பதில்லை. பேருந்திடம் மட்டும் கேட்கிறோம். சரி, எங்கே தொடங்குவது? முன்பு வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு பட்டுக்கோட்டை அழகிரி பெயரில் தனிப் போக்குவரத்துக் கழகம் இருந்தது. 1997இல் பெயர் மாறியது, இன்று விழுப்புரம் கோட்டத்தின் வேலூர் மண்டலம். அந்த மண்டல அலுவலகம் முதலில் பேரணாம்பட்டு–ஆம்பூர் சாலையை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். எந்த நேரத்தில் எத்தனை பெண்கள் ஏறுகிறார்கள் என்பது கட்டணமில்லா டிக்கெட்டிலேயே பதிவாகிறது. அதைக் கம்பெனிகளின் ஷிப்ட் நேரத்தோடு வைத்துப் பார்த்து, அரசு வண்டியும் தனியார் வண்டியும் ஒன்றையொன்று துரத்தாமல் சீரான இடைவெளியில் வரும்படி டைமிங்கை மாற்றி எழுதட்டும். கம்பெனி பஸ்ஸுக்குச் செலவழிக்கும் ஏற்றுமதியாளர்களிடம் அதில் ஒரு பங்கைக் கேட்கட்டும். புதிய வண்டி ஒன்றுகூட வாங்காமல் தொடங்கலாம். ஷிப்ட் நேர விவரங்களைத் திரட்ட வேண்டிய பொறுப்பு வேலூர், திருப்பத்தூர் ஆட்சியர்களுடையது.