உங்கள் நோட்டில் ஒரு திருத்தம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். பாலிடெக்னிக்கில் என்னிடம் உலோகவியல் படித்தவன். பையிலிருந்து உள்ளங்கை அளவு அலுமினியப் பாகம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். உள்ளே தேன்கூடு மாதிரி கண்ணறைகள். வார்ப்பில் இதைச் செய்யவே முடியாது. "லேசர்ல பிரிண்ட் பண்ணுனதுங்க சார்" என்றான்.

உலோகம் என்னவோ நமக்குத் தெரிந்ததுதான். அலுமினியத்தில் சுமார் 10 சதவீதம் சிலிக்கான், துளி மெக்னீசியம். கோயமுத்தூர் பவுண்டரிகளில் ஊற்றும் அதே குடும்பம். ஆனால் இங்கே மணல் அச்சு இல்லை. ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டிக்குள் மாவு போன்ற உலோகத்தூளை 30 மைக்ரான் கனத்துக்குப் பரப்புகிறார்கள். கோலம் போடுவதுபோல லேசர் அதன்மேல் ஓடி, வேண்டிய இடத்தை மட்டும் உருக்குகிறது. மேடை இறங்கும், அடுத்த பரப்பு. இப்படி ஆயிரக்கணக்கில். 6061 போன்ற கலவைகள் இதில் வெடிப்பு விடும். சிலிக்கான் சேர்ந்தது தாங்குகிறது.

சிலிக்கான் மெதுவாகக் குளிர்ந்தால் ஊசி ஊசியாக வளரும், அந்த ஊசி முனையில் விரிசல் தொடங்கும் என்று நடத்தியது நினைவிருக்கிறதா? சோடியம் சேர்த்து அதை நுணுக்கலாம் என்று ஆலதார் பாட்ஸ் 1920-இல் கண்டுபிடித்த கதையையும் சொல்லியிருப்பேன். லேசரில் சோடியமே வேண்டாம். விநாடிக்கு லட்சக்கணக்கான டிகிரி வேகத்தில் குளிர்வதால், சிலிக்கான் ஒரு மைக்ரானைவிட மெல்லிய வலையாக உறைந்துவிடுகிறது. அந்த வலைதான் அதன் வலுவில் பெரும்பங்கு.

இனிதான் விஷயம்.

"வார்ப்பு அலுமினியத்துக்கு வலு வேண்டுமா? டி6 கொடு." வருஷா வருஷம் நான் சொல்லி எழுத வைத்த வரி. 530 டிகிரி சுமாரில் ஊறவைத்து, தண்ணீரில் அமிழ்த்தி, பிறகு 160 டிகிரியில் சில மணி நேரம். இவன் முதல் வேலையில், அச்சடித்த பாகங்களுக்கு அதையே செய்திருக்கிறான். வலு கூடவில்லை, குறைந்துவிட்டது. அந்தச் சூட்டில் வலை அறுந்து சிலிக்கான் உருண்டைகளாகத் திரண்டுவிட்டது. போதாக்குறைக்கு உள்ளே மாட்டியிருந்த வாயுவும் உப்பிக்கொண்டது.

"ஒரு லாட் முழுக்கப் போச்சுங்க சார். மூணு மாசம் என்னை மிஷின் பக்கமே விடல."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீங்க சொன்னது வார்ப்புக்குங்க சார். நான்தான் யோசிக்கல."

பெருந்தன்மை. ஆனால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டி6 ஏன் வேலை செய்கிறது என்று முதல் பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான். "பரீட்சைக்கு வராது, எழுதிக்கோ" என்றேன். போர்ஷனை முடிக்கும் அவசரம். மணலில் வார்த்ததில் சிலிக்கான் முன்பே தடித்துத்தான் கிடக்கிறது, அங்கே இழக்க ஒன்றுமில்லை, மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்த நுண்துகள்கள்தான் லாபம் என்று இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால் இவன் மிஷின் முன்னால் நின்று யோசித்திருப்பான். காரணம் சொல்லாமல் வெறும் வரியைக் கொடுத்துவிட்டேன்.

இப்போது அவன் 160, 170 டிகிரியோடு நிறுத்திக்கொள்கிறானாம், வலை கலைவதில்லை. உடையாமல் நெளிந்துகொடுக்க வேண்டிய பாகமென்றால் டி6 உண்டாம், வலு குறைவது தெரிந்தே.

பழைய நோட்டைப் பரணில் வைத்திருப்பவர்கள் (இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும்) டி6 வரிக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: "வார்ப்புக்கு மட்டும். லேசரில் அச்சடித்ததற்கு வலு குறையும். காரணம்: சிலிக்கான் வலை உடைகிறது." அன்று கேள்வி கேட்ட முதல் பெஞ்சுத் தம்பி இதைப் படித்தால் ஒரு போன் போடு.