கையெழுத்துப் போடுமுன்

அன்புத் தங்கை செல்விக்கு,

அக்கா எழுதுவது. சங்கரன்கோவிலில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. ஆடித்தபசுக்கு நீ கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாய் தீர்ந்துபோயிற்று. பக்கத்து வீட்டில் விலைக்குக் கேட்கிறார்கள். உன் கைப்பக்குவத்தில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இல்லை.

ஆனால் போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. பத்து லட்சம் மானியம் வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்டாராமே? ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. உணவு பதப்படுத்தும் குறு நிறுவனங்களுக்கான அந்த மத்திய அரசுத் திட்டம் 2020-இல் தொடங்கியது. விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. எழுதிக்கொடுத்து உதவ மாவட்ட வள நபர் என்று ஆளே உண்டு. அவருக்கு அரசே பணம் தருகிறது. திட்டம் இப்போதும் நடக்கிறதா என்று தென்காசியில் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்க் கேள்.

பத்து லட்சம் என்பது உச்சவரம்புதான். கிடைப்பது திட்டச் செலவில் 35 சதவீதம். நாலு லட்சத்துக்குத் திட்டம் போட்டால் 40,000 ரூபாய் உன் கைப்பணம், 3,60,000 வங்கிக் கடன், மானியம் 1,40,000. அதுவும் உன் கைக்கு வராது. வங்கியிலேயே இருக்கும். மூன்று வருடம் தவணை ஒழுங்காகக் கட்டி, தொழிலும் நடந்தால்தான் கடனில் கழிப்பார்கள். அந்த ஆள் இதைச் சொன்னாரா?

அதனால் மானியம் கூடும் என்று பெரிய பெரிய இயந்திரமாக எழுதிவிடாதே. உன் முடை வேறு. புளியங்குடி சந்தையில் வரத்து கூடி எலுமிச்சை விலை விழும்போது, மூட்டையாக வாங்கி உப்பில் போடக் கையில் பணம் வேண்டும். அதற்கு அதே திட்டத்தில் மகளிர் குழு உறுப்பினருக்கு 40,000 வரை தொடக்க நிதி உண்டு. நீ திருப்பிக் கட்டுவது குழுவுக்கே சேரும். முதலில் அதைக் கேட்டுப் பார்.

ஒரு குடும்பத்தில் ஒருவர்தான் விண்ணப்பிக்கலாம். உன் வீட்டுக்காரர் பெயரில் போட்டுவிடாதே. பாடுபடுவது நீ, பெயரும் உன்னுடையதாகவே இருக்கட்டும்.

கூடை முடைகிற உன் அத்தையிடமும் சொல். 2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம், 35 வயது ஆன கைவினைஞர்களுக்கு. மூன்று லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 மானியம். கூடை முடைதல் அதில் வருகிறது என்றுதான் கேள்விப்பட்டேன். தொழில் மையத்தில் உறுதி செய்துகொள்.

இந்த மாதம் முழுக்க ஒரு நோட்டில் எழுதி வை: எத்தனை கிலோ விற்றது, யார் யார் மறுபடி கேட்டு வந்தார்கள், யாரிடம் பாக்கி நிற்கிறது. அந்தக் கணக்குத் தாங்குகிற அளவுக்கே கடன் வாங்குவோம். மாதக் கடைசியில் நான் சிவகிரிக்கு வருகிறேன், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். அதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. பயப்படாதே, இந்தத் தொழில் உனக்குக் கைகொடுக்கும்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் அக்கா