அப்பாவின் சுண்ணக்கட்டி

கல்லாமை அதிகாரத்துக் குறள்களைப் பள்ளியில் ஒப்பிக்கும்போதெல்லாம் என் குரல் தாழ்ந்துவிடும். என் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண்கள் மட்டும் தெரியும். கிருஷ்ணகிரியில் ஒரு லாரி பார்சல் கிடங்கில் மூட்டை தூக்குகிறார். கல்லூரி விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதியவன் நான்.

சென்ற பருவத்தில், வகுப்புக் கருத்தரங்கில் எனக்குக் கிடைத்த தலைப்பு 'லேபிள் ஸ்விட்சிங்'. இரண்டு நாள் படித்தும் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் இரவு அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ஓசூர் லாரியிலிருந்து பண்டல்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு பண்டலின் மேல் சுண்ணக்கட்டியால் 7 என்று எழுதியிருந்தது. அப்பா அதை அழித்துவிட்டு, 12 என்று எழுதிச் சேலம் லாரிப் பக்கம் தள்ளினார்.

"விலாசம் பாக்க வேணாமாப்பா?"

"அத ஓசூர்லயே படிச்சவங்க பாத்தாச்சு கண்ணு. ஏழு வந்தா பன்னெண்டு போட்டு சேலம் வண்டில ஏத்தணும். அது சேலத்துக்காரங்க சொல்லி வெச்ச நம்பரு. அங்க போனா வேற போட்டுக்குவாங்க."

நான் சோற்றுத் தூக்கோடு அப்படியே நின்றுவிட்டேன். என் பாடம் அதுதான்!

கணிப்பொறி வலையில் செய்திகள் சிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கின்றன. வழக்கமான முறையில், வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் சேருமிட முகவரியைப் படித்து, நீண்ட பட்டியலில் அதற்கு மிகவும் பொருந்தும் வரியைத் தேட வேண்டும். லேபிள் முறையில் நுழைவாயில் ரவுட்டர் மட்டும் முகவரியைப் பார்த்து, 20 பிட் எண் ஒன்றை ஒட்டுகிறது. நடுவிலுள்ள ரவுட்டர்கள் அந்த எண்ணை மட்டும் பார்த்து, அடுத்த ரவுட்டர் முன்கூட்டியே சொல்லிவைத்த எண்ணாக மாற்றி, உரிய தடத்தில் அனுப்பும். கடைசியில் எண் கழற்றப்பட்டு, மீண்டும் முகவரியே வழிகாட்டும்.

எம்.பி.எல்.எஸ். எனப்படும் இம்முறையின் கட்டமைப்பு 2001-இல் ஆர்.எஃப்.சி. 3031 என்ற ஆவணமாக வெளிவந்தது. வேகம் தேடிப் பிறந்த முறை இது. இன்று முகவரித் தேடலையும் பொறிகள் விரைவாகவே செய்துவிடுகின்றன. ஆயினும் நெரிசலான தடத்தைத் தவிர்க்கவும், ஒரே கம்பியில் பல நிறுவனங்களின் செய்திகளைக் கலவாமல் கொண்டுசெல்லவும் இது உதவுகிறது.

கருத்தரங்கில் கரும்பலகையில் 7, 12 என்று எழுதி விளக்கினேன். "உதாரணம் எந்தப் புத்தகத்தில்?" என்றார் பேராசிரியர். தொண்டை அடைத்தது. "என் அப்பா, ஐயா. மூட்டை தூக்குகிறார்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

நண்பர்களே, நடுவில் இருப்பவர் படிக்காமலே பண்டல் ஊர் போய்ச் சேர, முதலில் ஒருவர் விலாசத்தைப் படித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த முதல் ஆள் நான். இவ்வாண்டு உதவித்தொகை விண்ணப்பத்தில் 'சுமை தூக்கும் தொழிலாளி' என்று எழுதினேன். என்ன எழுதியிருக்கிறேன் என்று அப்பா கேட்டார். படித்துக் காட்டினேன். தலையசைத்து, கீழே பெருவிரலைப் பதித்தார்.