இலண்டனில் ஓர் ஆசிரியப் பயிற்சிக்கூடம்

இலண்டன் மாநகருக்குச் செல்லும் நம்மவர் முதலிற் காண விரும்புவன தேம்ஸ் நதிப் பாலமும், பாராளுமன்றத்து மணிக்கூட்டுக் கோபுரமும், அரண்மனை வாயிலிற் காவற்படை மாறும் காட்சியுமே. நாமும் அவற்றைக் கண்டோம். அவற்றைப் பற்றி எழுதியோர் பலர். ஆகையால் அவற்றை விடுத்து, வழிகாட்டி நூல்களில் இடம்பெறாத ஓரிடத்தைப் பற்றி எழுதப் புகுகின்றோம். அது ஒரு வகுப்பறை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோருக்கு அம்மொழியைக் கற்பிக்கும் ஆசிரியர்களை நான்கே வாரத்தில் ஆக்கி அனுப்பும் கூடம்.

எம்மை அங்கு இட்டுச் சென்றவள் எம் பெறாமகள். வடமராட்சிப் பாடசாலை ஒன்றில் மூன்றாண்டு ஆங்கிலம் படிப்பித்தவள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் 'செல்டா' என்னும் சான்றிதழைப் பெற வேண்டுமென்பது அவளது நெடுநாளைய ஆசை. கட்டணமோ ஆயிரம் பவுணுக்கு மேல். தாயாரின் காப்புச் சோடி அடைவுகடைக்குப் போன பின்னரே அப்பணம் சேர்ந்தது. நாம் ரூட்டிங் பகுதியில் உள்ள உறவினர் வீட்டிற் சில மாதம் தங்கவிருந்த காலமாதலின், "பிள்ளைக்குத் தங்குமிடச் செலவாவது மிச்சப்படட்டும்" என்று எம் தம்பியார் அவளை எம்முடன் அனுப்பிவைத்தார்.

ரூட்டிங்கில் இறங்கினால் வெளிநாட்டில் இருக்கும் எண்ணமே மறந்துபோகும். முருங்கைக்காயும் ஒடியல்மாவும் விற்கும் கடைகள், தமிழ்ப் பெயர்ப்பலகைகள், புடவைக் கடைகள். அங்கிருந்து நிலத்தடி ரயிலில் அரைமணி நேரம் சென்றால் நகரின் நடுப்பகுதி. ஹோல்போர்னுக்கு அண்மையில், ஒடுங்கிய தெருவொன்றிற் பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியிலே அப்பயிற்சி நிலையம் இருந்தது. வாயிலிற் பெரிய பலகையும் இல்லை, காவலாளியும் இல்லை. படியேறும்போதே பல தேசத்துக் குரல்கள் காதில் விழும்.

பயிற்சி பெற வந்தோர் பலதிறத்தினர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆங்கிலேயர் ஒருவர், நாடக வாய்ப்புக் குன்றிய நடிகர், பட்டம் பெற்று ஊர்சுற்ற எண்ணிய ஐரிஷ் யுவதி, போலந்து நாட்டுத் தாய் ஒருத்தி, இப்படிச் சிலர். ஆங்கிலம் பேசத் தெரிந்தவர்க்கு அதைக் கற்பிக்கத் தெரியாதா என்று வாசகர் வினவலாம். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். முதல் நாளன்றே அவ்வெண்ணத்தை உடைத்துவிடுகிறார்கள்.

அன்று காலை பயிற்றாசிரியர் வகுப்பினுட் புகுந்து, ஓர் ஆங்கிலச் சொல்லும் பேசாது, துருக்கி மொழியிலே பாடம் தொடங்கினாராம். கையில் ஓர் அப்பிள், "எல்மா" என்றார். பாண் துண்டைக் காட்டி "எக்மெக்" என்றார். தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி "சு" என்றார். பிறகு "பு நே?" என்று வினவினார், இது என்ன என்று பொருள். அரைமணி நேரத்தில் எல்லோரும் துருக்கியிற் கேட்கவும் விடையிறுக்கவும் கற்றுக்கொண்டனர். வங்கிக்காரருக்கோ வியர்த்துக் கொட்டியதாம். அறியாத மொழியின் முன் பெரியவரும் எவ்வளவு சிறியவராகிவிடுகிறார் என்பதை மாணாக்கர் ஆசனத்திலிருந்தே உணரவைப்பதற்குரிய உபாயம் அது.

எம் பெறாமகளுக்கு அப்பாடம் வேறொன்றையும் காட்டியது. "பு எல்மா" என்றால் "இது அப்பிள்". ஆங்கிலத்தில் இடையே வரும் "இஸ்" என்னும் சொல்லுக்கு அங்கு வேலையில்லை, நமக்கும் இல்லை. மறுநாள் பயிற்சி வகுப்பிற்குப் படிக்க வந்த துருக்கி இளைஞன் ஒருவனிடம் அவள் விசாரித்தாள். "எவ்" வீடு, "எவ்லெர்" வீடுகள், "எவ்லெர்தே" வீடுகளில். விகுதிமேல் விகுதியாக அடுக்கும் அந்த வழக்கத்தைக் கண்டு அவளுக்குத் தாங்கொணா மகிழ்ச்சி. மாலையில் வந்ததும் வராததுமாக, "பெரியப்பா, எங்கட தமிழைப்போலத்தான் அவையின்ர பாஷையும் கிடக்குது! வினைச்சொல்லும் கடைசியிலதான் வருகுதாம்" என்றாள்.

பயிற்சியின் அமைப்பைச் சிறிது சொல்லவேண்டும். நான்கு வாரத்திற் குறைந்தது 120 மணி நேரம் வகுப்பில் இருக்க வேண்டும். அதனுள் ஆறு மணி நேரம் ஒவ்வொருவரும் உண்மை மாணாக்கருக்குக் கற்பித்துக் காட்டவேண்டும். பரீட்சை மண்டபத்து எழுத்துப் பரீட்சை இல்லை. நான்கு எழுத்துக் கட்டுரைகள் உண்டு. மாணாக்கராய் வருவோர் இலவசமாகப் படிக்க வரும் நகரவாசிகள்: உணவுச்சாலையிற் பாத்திரம் கழுவும் பிரேசில் வாலிபன், கொரிய மாணவி, சோமாலியத் தாய், கட்டட வேலை செய்யும் துருக்கியர். ஒருவர் கற்பிக்க, உடன் பயில்வோர் பின்வரிசையில் இருந்து குறிப்பெடுப்பர். பாடம் முடிந்ததும் அனைவரும் வட்டமாக அமர்ந்து குற்றங்குறை கூறுவர். நம் ஊரில் உபாத்தியாயரின் குறையை மற்றோர் உபாத்தியாயர் முகத்துக்கு நேரே சொன்னால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்!

"டு யூ அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்பது அங்கு பெருந்தவறு. விளங்காதவனும் "யெஸ்" என்றே சொல்லுவான் அன்றோ. அதற்குப் பதிலாக, விளங்கியதா என்பதை வெளிப்படுத்தும் சிறு வினாக்களை ஆசிரியர் முன்கூட்டியே ஆக்கிவர வேண்டும். "அவர் முன்பு இஸ்மீரில் வாழ்ந்து வந்தார்" என்னும் பொருள்பட "யூஸ்ட் டு" என்ற பிரயோகத்தைக் கற்பிப்பதாயின், "முன்பு அங்கே வாழ்ந்தாரா? இப்போது வாழ்கிறாரா?" என இரண்டு வினா. முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை. இவ்வளவே, பத்து நிமிட இலக்கண விரிவுரை செய்யாததை இது செய்துவிடும். இவ்வினாக்களை ஆக்குவதற்காக எம் பெறாமகள் நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்தாள். நிலமெங்கும் வெட்டிய படங்கள். மாணாக்கி வேடம் எம் மனைவியாருக்கு. "பெரியம்மா, தெரியாத ஆள் மாதிரி நடியுங்கோ" என்பாள். "நடிப்பெதற்குப் பிள்ளை, உண்மையாகவே தெரியாது" என்பார் அவர்.

முதல் வாரத்தின் இறுதியிற் பிரேசில் வாலிபன் கேட்டான்: "நீங்கள் எந்த ஊர்?" யாழ்ப்பாணம் என்றாள். "அப்படியானால் ஆங்கிலம் உங்கள் மொழி அல்லவே?" அவன் குத்தலாகக் கேட்கவில்லை, அறியாமற் கேட்டான். "நீங்கள் கற்பதுபோலவே நானும் கற்றேன்" என்று விடைசொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தாளாயினும், அவ்வினா அவளை விட்டு அகலவில்லை. வெளிநாட்டுப் பாடசாலைகள் ஆசிரியர் தேவையென்று செய்யும் விளம்பரங்களிற் பிறப்பிலேயே ஆங்கிலம் பேசுவோர் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்ற வாசகம் பலமுறை அவள் கண்ணில் பட்டதுண்டு. அடைவில் இருக்கும் காப்பும் நினைவுக்கு வந்திருக்கும்.

இரண்டாம் வாரத்தில் ஒரு பாடம் பிழைத்தது. "ஏ", "த" என்னும் சிறு சொற்கள் எங்கே வரும், எங்கே வாரா என்பது பாடம். தமிழில் அவை இல்லாமையால் அவள் தான் பாடுபட்டுக் கற்றவை. ஆகவே அனைத்தையும் சொல்லிவிடவேண்டுமென்ற ஆவல். பலகையில் விதிகளை எழுதினாள், விளக்கினாள், மீண்டும் எழுதினாள். மாணாக்கர் பணிவுடன் பார்த்து எழுதினர். நம் பாடசாலைகளில் இதைத்தானே நல்ல பாடம் என்போம்? பயிற்றாசிரியர் கையிற் கடிகாரத்துடன் இருந்தவர். நாற்பத்தைந்து நிமிடத்தில் முப்பத்தொரு நிமிடம் ஆசிரியையே பேசினார் என்று குறித்து, "தரத்தை எட்டவில்லை" என எழுதிவிட்டார். அன்றிரவு அவள் உண்ணவில்லை.

ஞாயிறன்று அவள் மனம் ஆறட்டுமென நகருட் கூட்டிச் சென்றோம். சாஃப்ட்ஸ்பரி அவெனியூவில் நாடக சாலைகளின் முன்னால் நடந்து, பிக்கடில்லி வழியே கிரீன் பார்க் பூங்காவை அடைந்தோம். பூங்காவிற்கு எதிரே 106ஆம் இலக்கக் கட்டடம். பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகை. கவென்றி பிரபுவுக்காக ராபர்ட் அடம் என்னும் பெயர்பெற்ற சிற்பி அதன் விதானங்களை அலங்கரித்தார். நெடுங்காலம் சென் ஜேம்ஸ் கழகம் என்னும் கனவான்கள் சங்கம் அங்கு இருந்தது. பின்னர் பல ஆண்டுகள் அங்கு குடியிருந்ததுதான் 'இன்டர்நாஷனல் ஹவுஸ்' என்னும் மொழிப்பள்ளி. இன்று அது அங்கில்லை. ஆயினும் இப்பயிற்சியின் மூலம் அப்பள்ளியே.

ஜோன் ஹேகிராஃப்ற் என்பவரும் அவர் மனைவி பிறிற்றாவும் 1953இல் ஸ்பெயின் தேசத்துக் கோர்டோபா நகரிற் சிறியதொரு ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினர். 1959இல் இலண்டனுக்கு வந்து பள்ளி நிறுவினர். ஆங்கிலம் தெரிந்தவர் எங்கும் கிடைத்தனர்; கற்பிக்கத் தெரிந்தவரோ அரியர். ஆகவே 1962இல் தாமே குறுகியகாலப் பயிற்சி ஒன்றை ஆரம்பித்தனர். 1978இல் அதனை றோயல் கலைச் சங்கமும், 1988இற் கேம்பிரிட்ஜும் பொறுப்பேற்றன; இப்போதைய பெயர் 1996இல் வந்தது. இவற்றுள் எமக்கு மிக உவப்பான செய்தி யாதெனின், பிறிற்றா அம்மையார் ஆங்கிலேயர் அல்லர், சுவீடன் நாட்டவர். ஆங்கில உச்சரிப்பைக் கற்பிப்பது எப்படி என்று 1971இல் நூல் எழுதியவர் அவரே!

அத்துறையின் முன்னோடிகள் பலரும் தம் வித்தையை இங்கிலாந்திலே கற்றவரல்லர். மைக்கேல் வெஸ்ற் வங்காளத்து டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையில் இருந்து கற்றார். ஹரோல்ட் பாமர் 1922இல் யப்பானுக்குச் சென்றார். கோர்ன்பி என்பாரின் புகழ்பெற்ற அகராதி 1942இல் முதன்முதல் தோக்கியோவில் வெளியாயிற்று. 1950களின் இறுதியிலே சென்னை இராச்சியத்தில் 27,000 ஆரம்பப் பாடசாலை ஆசிரியரைப் பயிற்றும் முயற்சி ஒன்று நடைபெற்றது. பயின்றவர் மற்றவரைப் பயிற்ற, பனியுருண்டைபோலப் பெருக வேண்டுமென்பது அதன் திட்டம். ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளின் முன் நின்று கண்டறிந்ததே இவ்வித்தை. அதை இங்கிலாந்தவர்க்கு மட்டும் உரிய சொத்தென எண்ணுவது பொருந்தாது. இதனைப் பூங்கா வாங்கிலில் அமர்ந்து அவளுக்குச் சொன்னோம். கேட்டாளோ இல்லையோ, வீடு திரும்பியதும் கத்தரிக்கோலை எடுத்தாள்.

நான்காம் வாரத்தில் ஒருநாள், அநுமதி பெற்று, பின்வரிசையில் நாமும் அமர்ந்தோம். பன்னிரண்டு மாணாக்கர். அவள் பலகையில் எழுதியது ஒரே வரி. படங்களைக் கொடுத்து இருவர் இருவராகப் பேசவிட்டு, மேசைகளுக்கிடையே மெல்ல நடந்து செவிகொடுத்தாள். துருக்கி இளைஞன் வினைச்சொல்லைக் கடைசியில் வைத்து ஒரு வசனம் சொன்னான். அவள் திருத்தவில்லை. ஐந்து விரல்களை விரித்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சொல்லாகச் சுட்டி, கடைசி விரலைத் தொட்டு, இரண்டாம் விரலுக்கு நகர்த்திக் காட்டினாள். அவன் ஒரு கணம் பார்த்தான்; பிறகு வசனத்தைத் தானே மாற்றிச் சொன்னான். பின்வரிசையிலிருந்த வங்கிக்காரர் எம் காதில், "அவன் ஏன் அப்படிச் சொல்கிறான் என்றே எனக்கு விளங்கியதில்லை, இவளுக்கு எப்படித் தெரிகிறது?" என்றார். தமிழிலும் வினை ஈற்றிலேதான் வரும் என்றோம். அவர் அதைத் தம் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

சான்றிதழில் மூன்று தரங்கள் உண்டு. பெரும்பாலோர் பெறுவது சாதாரண சித்தி. அவளும் அதையே பெற்றாள். பிழைத்துப்போன அந்த ஒரு பாடமே மேற்தரத்தைத் தடுத்ததென்பது அவள் கணிப்பு. ஐரிஷ் யுவதி ஸ்பெயினுக்குப் புறப்பட்டாள். எம் பெறாமகளுக்கு இஸ்தான்புல்லிற் சேர விருப்பமிருந்தது. இரண்டு இடங்களுக்கு எழுதினாள். ஒன்றிலிருந்து பதிலில்லை, மற்றது பிறப்புமொழியைக் காரணங்காட்டிற்று. இது நேர்மையற்ற செயலென்பதே எமது துணிபு.

அவள் ஊருக்கு மீண்டு பழைய பாடசாலையிலேயே படிப்பிக்கின்றாள். அங்கே வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். அசைக்கமுடியாத நீண்ட வாங்குகள். இருவர் இருவராகப் பேசவிட்டால் எழும் இரைச்சலுக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் இருமுறை வந்து எட்டிப் பார்த்தாராம். முன்வாங்குப் பிள்ளைகளைப் பின்வாங்கு நோக்கித் திருப்பி இருத்தி, தாழ்ந்த குரலிற் பேசப் பழக்கிவருவதாக எழுதியிருந்தாள். வாய்திறவாத பெண்பிள்ளை ஒருத்தி சென்ற தவணையில் முதன்முதலாக ஒரு கேள்வி கேட்டாளாம், ஆங்கிலத்திலேயே. காப்பில் ஒன்று மீண்டுவிட்டது. மற்றது இன்னும் அடைவில்.

பழைய சஞ்சிகைகள், நாட்காட்டிகள் இருந்தால் அனுப்பும்படி கேட்டிருந்தாள், படங்கள் போதவில்லையாம். எம் மனைவியார் வெள்ளவத்தை அயலிலெல்லாம் கேட்டுச் சேர்த்துக் கட்டிய பொதி சென்ற கிழமை தபாலிற் போயிற்று.